ஒற்றை நாற்காலி

இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலைகூட மிஞ்சாது போலிருக்கிறதே என்று நினைத்தபடி, குளியலறையில் இருந்து கழற்றிய சின்னக் கண்ணாடியைச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டிருந்தாள் அவள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் காலியாகக் கிடந்த அறை. தனக்கொரு மேசை போட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்கு அதன்மேல் ஒரு கண். வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். பாட்டுக் கேட்கத் தனி அறை. இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஒரே ஒரு நாற்காலி.

"இன்னொண்ணு போட்டா என்னங்க?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

"நடுன்னா ஒண்ணுதாம்மா இருக்கும்."

அதன்பிறகு அறைக்குள் நின்று சும்மா சும்மா கை தட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் பந்தாக அடிபடுகிறதாம். அதை விழுங்கப் பஞ்சடைத்த பலகைகள் செய்தார். போர்த்தும் துணியில் காற்றுப் புகவேண்டும் என்று, பீரோவில் இருந்ததை எல்லாம் வாயில் வைத்து ஊதினார். இத்தனை வருஷத்தில் அவள் துணிமணியை அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்தது அன்றுதான். தேறியது அவளுடைய நீலப் போர்வை. அதுவும் போச்சு.

"நிறுத்து, நிறுத்து! தெரியுது!" என்று நாற்காலியில் இருந்தபடி கத்தினார்.

நாற்காலியில் இருப்பவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில்தான் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும், அங்கே பலகை. இடது சுவர் முடிந்தது.

"கை ஓஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் நீங்களே பிடிங்க."

"சரி, நீ உக்காரு. தெரிஞ்சதும் சொல்லு. தூங்கிடாத."

அவள் உட்கார்ந்தாள். சொன்னாள். அவர் பலகையை மாட்டிவிட்டு, கையோடு பாட்டையும் போட்டார்.

அடுப்படியில் நின்று ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. ஆனால் பாடகி ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சு இழுப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மூச்சு இப்போது அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நடு என்பது இதுதானா? இங்கே உட்கார்ந்தால், யாரோ நமக்காகவே வந்து பாடுவது போல இருக்குமா?

"அடக் கடவுளே!" அவர் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வலப்பக்கப் பலகை ஒரு சாண் கீழே தொங்கியது. "உன் உசரத்துக்கு மாட்டித் தொலைச்சிட்டேனே!"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத. எந்திரி, நான் உக்காந்து பாக்கறேன். நீ கண்ணாடியப் பிடி. கழட்டி மேல மாட்டிடலாம்."

"வேணாங்க," என்றாள், பாட்டுக்குக் கீழே தணிந்த குரலில். "அது அங்கயே இருக்கட்டும்."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். கண்ணாடியை நெஞ்சோடு அணைத்து நின்றிருந்தார் அவர். அந்தக் கண்ணாடிக்குள் ஒற்றை நாற்காலியும், வீட்டுச் செருப்பை உதறிவிட்டுக் கால்களை மேலே மடித்துக்கொண்ட அவளும் இருந்தார்கள்.