வீட்டுலதானே இருக்கப் போறே

அந்த அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டப்புத்தகம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். எந்த விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும், என்றைக்கு யார் வீட்டில் போனும் கையுமாகக் காத்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவன் வேலை. விதிகள் மட்டும் தொள்ளாயிரம் பக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பக்க எண்ணோடு சொல்வான் என்று பேர். அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதுதான் கஷ்டம். அது அவன் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த விமானிகளுக்கு அவன்தான் வகுப்பெடுத்தான். ஸ்டாண்ட்பை என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் பொழிந்து தள்ளினான். "ஸ்டாண்ட்பைன்னா லீவுன்னு நினைச்சுக்காதீங்க. அதுவும் டியூட்டிதான். வீட்டுல இருக்கீங்கங்கறதுக்காகச் சும்மா இருக்கீங்கன்னு அர்த்தமில்லை. கூப்பிட்டா ஒன்றரை மணி நேரத்துல விமானத்துக்கிட்ட நிக்கணும். அதுக்கு முந்தின ராத்திரி ஒழுங்காத் தூங்கியிருக்கணும். அந்தத் தூக்கத்தைக் கெடுக்கற உரிமை கம்பெனிக்கும் கிடையாது, வீட்டுக்கும் கிடையாது." எல்லாரும் கைதட்டினார்கள். அவனுக்கு இரண்டு நாள் தலை கால் புரியவில்லை.

இப்படிப் பேசியவன்தான் நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, இரண்டரை வயசு மகளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தபோது, "நாளைக்கு உனக்கு ஸ்டாண்ட்பைதானே, வீட்டுலதானே இருக்கப் போறே? நான் நாலரைக்கு எழுந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவன் மனைவி அதே கம்பெனியில் துணை விமானி. அவளுடைய ஸ்டாண்ட்பையைப் பட்டியலில் போட்டவனும் அவனேதான். காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை.

இந்த முரண்பாடு காலையில் பல் தேய்க்கும்போதுகூட அவன் மண்டையில் ஏறவில்லை. "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்டான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தவள், கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினாள். போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஒன்பதே முக்காலுக்குத்தான் ஏறியது. பன்னிரண்டு மணி விமானத்துக்குப் போக வேண்டிய துணை விமானிக்கு ஜலதோஷத்தில் காது அடைத்துக்கொண்டது. காது அடைத்தவர் மேலே போனால் செவிப்பறை கிழியும், அவரை அனுப்பவே கூடாது. சட்டப்புத்தகம் ஸ்டாண்ட்பை பட்டியலைத் திறந்தான். வரிசைப்படிதான் கூப்பிட வேண்டும். முதலில் இருந்தது மனைவியின் பெயர்.

பார்த்த பார்வை அப்படியே நின்றது.

அடுத்த வாரம் கேப்டன் பதவிக்கான தேர்வு. அவள் ஆறு வருஷமாக வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, இடது பக்க நாற்காலிக்காகக் காத்திருந்தவள். கம்பெனியில் ஒரு விதி உண்டு. தேர்வுக்கு முந்தைய ஒரு மாதத்தில், ஸ்டாண்ட்பையில் கூப்பிடும்போது ஒருவர் சொந்தக் காரணத்தால் வர முடியாது என்று சொன்னால், அவருடைய தேர்வுக் கோப்பு அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போகும். மூன்று மாதம். அந்த விதியை எழுதிய புண்ணியவான் வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்காது. இருந்திருந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

அவள் வருகிறேன் என்று சொன்னால், தூங்காத கண்ணோடு நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு போவாள். வரவில்லை என்றால் மூன்று மாதம் போச்சு. இரண்டுக்கும் காரணம் தான்தான் என்பது, பதினோரு மணி நேரம் தாமதமாக, அவனுக்கு உறைத்தது.

பக்கத்து மேஜைக்காரி அவன் திரையை எட்டிப் பார்த்தாள். பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஈடுகொடுத்தவள்.

"உங்க வீட்டம்மாவா? நான் வேணா பேசறேன். நீங்க எதுக்கு?"

"பட்டியல் என்கிட்ட இருக்கு. நானே பேசறேன்."

"இல்லேன்னா..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டாவது ஆள் ரொம்பப் பக்கத்துல இருக்கார். அரை மணியில வந்துடுவார். யாரும் கேக்கப் போறதில்லை."

கேட்க மாட்டார்கள்தான். அவளைத் தாண்டி இரண்டாவது ஆளைக் கூப்பிட்டால் ஒரு பதிவும் இருக்காது, கோப்பு சுத்தமாக இருக்கும். வீட்டில் தான் செய்த காரியமும் வெளியே தெரியாது. இந்தக் கடைசி வசதிதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆறு வருஷமாக, பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருத்தர் வாயிலும் வராதபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன். போனை எடுத்தான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் வீடு இரண்டுபட்டுக்கொண்டிருந்தது.

"வணக்கம் மேடம். பணிப்பட்டியல் பிரிவுலேருந்து பேசறேன். இந்தப் பேச்சு பதிவாகுது."

"வணக்கம் சார். சொல்லுங்க."

பதிவாகும் போனில் கணவனும் கிடையாது, மனைவியும் கிடையாது. இருவரும் அதில் ரொம்பக் கறார். ஒரு தடவை அவள் இப்படித்தான் வேலை விஷயமெல்லாம் பேசி முடித்துவிட்டு, பதிவாகாத போனில் தனியாகக் கூப்பிட்டுப் பால் வாங்கி வரச் சொன்னாள்.

"பன்னெண்டு மணி விமானத்துக்குத் துணை விமானி வேணும் மேடம். பதினொன்னேகாலுக்குள்ள வந்து சேரணும். போய்த் திரும்பி வர சாயங்காலம் ஆறரை ஆகும்." அடுத்த கேள்வி விதிப்படி கேட்டே ஆக வேண்டியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற கேள்வி, இன்றைக்குத் திரையைப் பார்த்துப் படித்தான். "பறக்கறதுக்குத் தகுந்த நிலையில இருக்கீங்களா?"

"இல்லை சார்."

யோசிக்கவே இல்லை. குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது, தயக்கம் துளியும் இல்லை. அவனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி வராததற்குக் காரணம் அடுத்த கேள்வி.

"கம்பெனி சம்பந்தப்பட்ட காரணமா மேடம், சொந்தக் காரணமா?"

"சொந்தக் காரணம். அப்படிச் சொன்னா அடுத்த வாரம் தேர்வுல என் பேர் இருக்காதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். எழுதிக்குங்க."

"சொல்லுங்க."

"நேத்து ராத்திரி பதினொன்னுலேருந்து காலைல ஆறு மணி வரைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல். நான் ஒருத்தியே முழிச்சிருந்து பாத்துக்கிட்டேன். வீட்டுல இன்னொருத்தர் இருந்தார், அவர் தூங்கிட்டார். ஆறு மணிக்குக் காய்ச்சல் விட்டுது. குழந்தையோட சேர்ந்து தூங்கித் தேறிடலாம்னு நினைச்சேன். அதனாலதான் அப்பவே உங்களைக் கூப்பிடலை, அது என் தப்பு. ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரரோட அக்கா ரெண்டு பசங்களைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க. நான் இன்னிக்கு வீட்டுல சும்மா இருக்கேன்னு அவங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க."

அந்த யாரோ யார் என்று அவனுக்குத் தெரியும். முந்தாநாள் அக்கா கேட்டபோது, "அவ வீட்டுலதான் இருப்பா, கொண்டுவந்து விடு" என்று தாராளமாகச் சொன்ன வாய் அவனுடையதுதான்.

"எழுதிட்டேன் மேடம்."

"திருப்பிச் சொல்லுங்க சார்."

இந்தத் தொழிலில் இது ஒரு வழக்கம். மேலே பறக்கும் விமானிக்குக் கீழே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு எண்ணைச் சொன்னால், அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டேன், புரிந்தது என்றால் போதாது. தப்பாகக் கேட்டதும் அரைகுறையாகக் கேட்டதும் அப்போதுதான் வெளியே வரும். பட்டியல் பிரிவிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, சட்டப்புத்தகம்தான்.

வாசித்தான். "நேத்து ராத்திரி பதினொன்னுலேருந்து காலைல ஆறு வரைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல். நான் ஒருத்தியே முழிச்சிருந்து பாத்துக்கிட்டேன். ஆறு மணிக்குக் காய்ச்சல் விட்டுது..."

"நடுவுல ஒரு வரியை விட்டுட்டீங்க சார்."

விட்டதென்னவோ வேண்டுமென்றுதான். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரி தன் விசைப்பலகையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காது மடல் சூடேறியது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, பிடுங்கித் தின்கிற வெட்கம்.

"வீட்டுல இன்னொருத்தர் இருந்தார்," என்றான். "அவர் தூங்கிட்டார்."

"அக்கா விஷயம்?"

அதையும் வாசித்தான். சும்மா இருக்கிறேன் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது.

"சரியா இருக்கு சார்," என்றாள்.

அத்தோடு வைத்துவிடலாம். வைக்கவில்லை. "மேடம், இதுக்குக் கீழே அலுவலர் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் எழுதறதையும் உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்." அந்தக் கட்டத்தைப் பத்து வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட நிரப்பியதில்லை. தட்டத் தட்ட வாசித்தான். "மேலே சொன்ன இன்னொருத்தர், இதை எழுதுகிற அலுவலர்தான். அவளுக்கு ஸ்டாண்ட்பை என்று தெரிந்தே தூங்கினேன். அவள் சும்மா இருப்பாள் என்று அக்காவிடம் சொன்னதும் நான்தான்."

அந்தப் பக்கம் பையன்கள் எதையோ தள்ளி உடைத்தார்கள்.

"இதுவும் சரியா இருக்கு சார்," என்றாள். வைத்துவிட்டாள்.

இரண்டாவது ஆள் ஈரத் தலையோடு ஓடி வந்தார். விமானம் எட்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பிப் போனது. ஊர் உலகத்துக்கு அந்தக் கதை அங்கே முடிந்தது. சட்டப்புத்தகம் மட்டும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலு வரி எழுதி, மேலதிகாரி அறைக்குள் போனான்.

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "காலை ஷிப்ட் வேண்டாமா? இதுக்குத்தானேய்யா என்கிட்ட ரெண்டு வருஷம் சண்டை போட்டே?"

"ஆமா சார்."

"மத்தியான ஷிப்ட்டுன்னா நீ வீடு போய்ச் சேர ராத்திரி பத்து ஆகும்."

"ஆகட்டும் சார். நாலரைக்கு எழுந்திருக்கணும்னு யார்கிட்டயும் சொல்ல முடியாதில்லையா, அதுக்குத்தான்."

மேலதிகாரி அவனை ஒரு மாதிரி பார்த்தார். அவரும் குடும்பஸ்தர். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனான். அக்கா வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தாள். மகள் மறுபடியும் சிணுங்கிக்கொண்டு அம்மாவின் மடியில் கிடந்தாள். மனைவியின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ஆனாலும் உட்கார்ந்திருந்த தோரணையில் ஒரு குறைச்சலும் இல்லை.

"யார் போனா?" என்று கேட்டாள்.

சொன்னான். "நல்லா ஓட்டுவார்," என்றாள்.

"மூணு மாசம் போச்சேம்மா," என்றான். வழியெல்லாம் வேறு என்னவெல்லாமோ சொல்ல யோசித்து வைத்திருந்தான். வாயில் வந்தது இதுதான்.

"போனாப் போகட்டும். அந்த நாற்காலியைக் கழட்டி யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. மூணு மாசம் கழிச்சும் அங்கேயேதான் இருக்கும், நான் போய் உக்காரத்தான் போறேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை." குழந்தையின் முதுகைத் தட்டினாள். "ஆனா போனது என் மூணு மாசம். உங்களுக்கு என்ன போச்சு?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். கையெழுத்தையும் தேதியையும் பார்த்தாள்.

"இதைப் பதிவாகற போன்ல சொல்லியிருந்தா இன்னும் நல்லா நம்பியிருப்பேன்," என்றாள். ஆனால் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. அவனுக்கு அழுகை முட்டியது.

குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். மருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னாள். தன் போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டே நிமிஷத்தில் உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.

மகள் அவன் மார்பில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். அவளை மெதுவாகப் பாயில் படுக்கவைத்து, அப்பாடா என்று அவன் சாய்ந்து உட்கார்ந்ததும், அதற்கென்றே காத்திருந்தவள் போல வீலென்று அழுதாள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அது எப்போது திறக்கும் என்றுதான் பார்த்தான். பார்த்தது தனக்கே தெரிந்துபோய், எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.