இருட்டு மயில்

ஊர்க் கோயிலின் பங்குனி நோம்பிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அர்த்தநாரி மாரடைப்பில் போய்விட்டார். சங்ககிரியில் மைக் செட்டும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விட்டவர். பாதியில் விட்டுப்போனது ஒரு பல்புப் பலகை. பம்பை மேளச் சத்தம் மைக்கில் விழுந்தால், அடிக்கு ஒன்றாகப் பலகையின் பின்னால் துளை அட்டைகள் நகர வேண்டும். துளை வந்த இடத்தில் கம்பி தொட்டு பல்பு எரிய வேண்டும். சேலைக்குப் பூப்போட தறியில் மாட்டும் அதே அட்டைகள்தான். கோயில் வாசலில் ஒரு மயில் அப்படி ஒளியாக ஏறி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டை இன்னும் வெட்டியிருக்கவில்லை. அவர் மனைவி சௌந்திரம் தறிக்காரி. பலகை இந்த நோம்பிக்கே எரியும் என்று சொல்லிவிட்டு, அட்டைகளைத் தானே வெட்டிக் கோத்தாள். தாலியறுத்தவளுக்குக் கோயில் வேலை எதற்கு என்று தெருவில் பேசினார்கள். அவள் துளை போடுவதை நிறுத்தவில்லை.

நோம்பிக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது ஓட்டிப் பார்த்தார்கள். சரியில்லையென்றால் விடிந்ததும் சேலத்துக்கு வேன் அனுப்பி வேறு செட் கொண்டுவருவதாக விழாக் கமிட்டித் தலைவர் வெங்கடாசலம் முன்பே சொல்லியிருந்தார். பம்பைக்காரன் கருப்பண்ணன் மைக் முன்னால் நின்று தட்டினான். பலகை முழுக்க எரிந்தது. நடுவில் மட்டும் இருட்டு.

"மயிலு எங்க அம்மிணி?" என்றார் வெங்கடாசலம். "கரண்டு பில்லுதான் தெரியுது."

சௌந்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தறியில் துளை விழுந்த இடத்துப் பாவு நூல் மேலெழுந்து பூ நூலை மறைத்துவிடும்; அதனால் பூ விழும் இடத்தை விட்டுச் சுற்றிலும் துளை போடுவாள். இத்தனை வருடப் பழக்கத்தில் கை இங்கும் அதையே செய்திருந்தது. திரும்ப வெட்ட நாளில்லை.

"நிறுத்தாதீங்க தம்பி," என்றாள். "மெதுவா தட்டுங்க."

கருப்பண்ணன் மெதுவாகத் தட்டினான். சுற்றிலும் மஞ்சள் வெளிச்சம் நிற்க, கறுத்த மயில் ஒன்று அடிமேல் அடி வைத்து மேலேறியது. வேகம் கூட்டினான், தோகை படபடத்தது. சட்டென்று நிறுத்தினான், அதுவும் நின்றது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங் கையப் பாத்துல்ல ஆடுதுங்கக்கா," என்று, யாரும் கேட்காமலே புதிதாக ஒரு தாளத்தை எடுத்தான்.

வெங்கடாசலத்தின் தலையும் தாளத்துக்கு ஆடியது. பிறகு வேன் வேண்டாம் என்று ஆளிடம் சொன்னார். "அடுத்த வருசம் மயிலையே எரிய வெச்சிரு அம்மிணி. அர்த்தநாரி ஆசப்பட்ட மாதிரி."

"அவரு ஆசப்பட்டது அதுதானுங்க," என்றாள் சௌந்திரம். "ஆனா இது நாங் கோத்தது. அடுத்த வருசமும் இப்படியேதான் வருமுங்க."

பலகைக்குப் பின்னால் போய், தளர்ந்திருந்த ஒரு கம்பியை முறுக்கிவிட்டாள்.