எட்டு நாள் குடித்தனம்

தையல்நாயகி ஜீவனாம்ச வழக்குப் போட்டது மழை இறங்கி உப்பளம் மூடிய ஐப்பசி மாதத்தில். அதற்கு ஒரு வருஷம் முன்பே சகாதேவன் அவளையும் மகள் தமிழ்நிலாவையும் மரக்காணத்தில் விட்டுவிட்டு, அனுமந்தையில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். வெயில் காலத்தில் உப்புக்கூடை சுமந்து எப்படியோ ஓட்டிவிட்டாள். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்றுவிட்டால் கூலி ஏது? மூன்று வயதுப் பிள்ளையின் வயிற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "கட்டுனவன் சோறு போடணும்னு சட்டமே இருக்குதுடி" என்று சொல்லி அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனவள், கூட உப்புச் சுமக்கும் தனகோடி.

இலவச சட்ட உதவியில் கண்ணாயிரம் வக்கீல் கிடைத்தார். கட்சிக்காரர்கள் அழுதால் அவருக்கு ஆகாது. "அழுவாதம்மா. அவன் உன்னை வச்சுக் காப்பாத்தலை. அது ஒண்ணைக் காட்டினா போதும், பணம் கட்டித்தான் ஆகணும்" என்றார்.

கோர்ட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர மரக்காணத்திலிருந்து ஏழரை வண்டியை விட்டால் கதியில்லை. வழக்குப் போட்டவளும் அதில்தான், அனுமந்தையிலிருந்து வந்து ஏறும் வழக்கில் மாட்டியவனும் அதில்தான். முதல் வாய்தாவுக்கு அவள் முன்படியில் ஏறினாள், அவன் பின்படியில் ஏறினான். இரண்டாம் வாய்தாவில் அவள் சில்லறையை நீட்டியபோது கண்டக்டர் வாங்கவில்லை. "பின்னாடி உன் வீட்டுக்காரரு எடுத்துட்டாரும்மா" என்று நகர்ந்துவிட்டார். பாதி வழியில் பெருமுக்கல் வரும்வரை அவளுக்குக் கோபமாக இருந்தது. அதற்குப் பிறகு இருந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது.

அவனுடைய வக்கீல் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லி வாய்தா வாங்கினார். நான்காம் வாய்தாவில் கோர்ட்டு வாசல் கடையில் அவளுக்கும் சேர்த்து இட்லி சொன்னான். ஐந்தாவதில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பாப்பா என்னைக் கேக்குதா?" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை கேட்காத நாளே கிடையாது.

அன்று திரும்பும்போது பிள்ளைக்கு ஜாம் பன் வாங்கிக்கொடுத்தான். அடுத்த வாய்தாவுக்கு அவள் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள், தலையில் பூவும் வைத்துக்கொண்டாள். "ஏண்டி, கேசுக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்று தனகோடி கேட்டாள். வாய்தா தள்ளிப்போனதற்குச் சந்தோஷப்பட்ட கட்சிக்காரி அந்தக் கோர்ட்டு வளாகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அசடு என்று சொல்லலாம். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாக "சாப்பிட்டியா" என்று ஒருவரும் கேட்காத வீட்டில் இருந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்.

எட்டாம் வாய்தாவில் அவன் சொன்னான்: "கொஞ்சம் பொறுத்துக்க தையலு. அங்க எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்துர்றேன்."

ஒன்பதாம் வாய்தாவுக்கு வண்டி ஏறும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டியதுதான். வீட்டுக்கு வரப்போகிறவனிடம் ஜீவனாம்சம் எதற்கு? இதைச் சொல்ல கண்ணாயிரத்தைத் தேடினாள். அவர் வேறு வழக்கில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்கும் இவள் பெயரைக் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

அவள் கூண்டில் ஏறியதும் சகாதேவனின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவர் கையில் ஒரு வெள்ளைத்தாள். அதில் பஸ் டிக்கெட்டுகள் இரண்டிரண்டாகக் குண்டூசி குத்தியிருந்தன. பக்கத்திலேயே ஓட்டல் பில். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. கையெழுத்து சகாதேவனுடையது. அன்று காலை எடுத்த டிக்கெட்டும் அதற்குள் அங்கே ஏறியிருந்தது.

"எட்டு வாய்தாவுக்கு என் கட்சிக்காரர்தான் உங்களுக்கு டிக்கெட் எடுத்தார். டிபன் வாங்கிக்கொடுத்தார். குழந்தைக்குத் தின்பண்டம் வாங்கினார். சரிதானே?"

"ஆமாங்க."

"அப்போ அவர் உங்களைக் கவனிக்காம விட்டுட்டார்னு சொல்றது பொய்தானே?"

அவள் சகாதேவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் வைத்த பூவைப் பிய்த்து எறிந்துவிடலாம் போல அவமானமாக இருந்தது. அவன் அனுமந்தைக்குப் போனபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "என்னம்மா சொல்றீங்க? வாங்கிக்கொடுத்தது உண்மையா?"

"உண்மைங்க ஐயா."

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாய்தா அன்னிக்கெல்லாம் இவரு புருசன் மாதிரிதான் இருந்தாரு. மத்த நாள்ல நானும் பிள்ளையும் என்னா ஆனோம்னு வந்து பார்க்கலைங்க. அப்படின்னா தினமும் வாய்தா போட்டுருங்க ஐயா."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. குனிந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து உத்தரவு வந்தது. மனைவிக்கு மாதம் அறுநூறு, பிள்ளைக்கு நானூறு, மனுப் போட்ட தேதியிலிருந்து கட்டவேண்டும். சகாதேவன் அன்று கோர்ட்டுக்கு வரவில்லை.

கண்ணாயிரத்துக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் நின்று மற்ற வக்கீல்களைக் கூப்பிட்டு அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உத்தரவு நகலை அவள் கையில் கொடுத்து, "இந்த ஒரு பதில்லதாம்மா கேஸே ஜெயிச்சுச்சு. யாரு சொல்லிக்கொடுத்தது? எப்படி மடக்கினே அவனை" என்றார்.

தையல்நாயகி நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மடக்கறதுக்குச் சொல்லலைங்க சார். நெசமாத்தான் கேட்டேன். அந்த எட்டு நாளும் நான் நல்லா இருந்தேன்."