சீட்டுக் கட்டாத தொட்டி

என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்பது எங்கள் கண்ணாடிக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருடமாக அங்கே தொட்டிகளைப் பராமரிப்பவள் நான். அங்கே ஒரே சட்டம்தான், அதுவும் நான் போட்டது. தேதியும் எண்ணும் எழுதிய சீட்டுக் கட்டாத செடியைப் பிடுங்கி, கழிவை எரிக்கும் அடுப்பில் போட வேண்டும். எந்தக் கோதுமை தாங்கும் என்று, இலையில் துருப்போலப் படரும் துரு நோயை ஏற்றிப் பார்க்கிற ஆராய்ச்சிக் கூடம் அது. பேர் தெரியாத புல் ஒன்று முளைத்தால் நோய் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும்.

என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. கோதுமைப் பூவைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவுவார். அதனால் அவருக்குப் பெயரே 'இடுக்கி' ஆகிவிட்டது.

ஒன்பது வருடமாக மனிதருக்கு ஒரே பிடிவாதம். கோதுமைக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு காட்டுப் புல்லைத் துரு நோய் தொடுவதே இல்லை. அந்தத் தெம்பைக் கோதுமைக்குக் கொண்டுவர வேண்டும். சொந்தம்தான், ஆனால் ஒட்டாத சொந்தம். சேர்த்து வைத்தால் கரு பிடிக்கும், பதினைந்து நாளில் சத்தில்லாமல் செத்துப்போகும். அதற்குள் கடுகைவிடச் சிறிய அந்தக் கருவை எடுத்து, கண்ணாடிக் குழாயில் சத்துக் கூழ் வைத்து வளர்க்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் எடுத்ததில் ஒன்றே ஒன்று பிழைத்தது.

அன்றைக்கு வாசலிலிருந்தே, "பொறந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"யாருக்கு?" என்றேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

"நமக்குத்தான்" என்றார்.

அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. அதற்குள் அது பூத்து, கோதுமையோடு மறுபடி சேர்த்துவிட்டால் போதும், நிம்மதியாக வீட்டில் உட்காருவேன் என்பார்.

அந்தச் செடி அடுத்த வாரம்தான் கூடத்துக்கு வரும் என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை மூலை மேசையில் ஒரு தொட்டியைப் பார்த்தேன். ஒல்லியான இலை, மண்ணோடு மண்ணாகப் படர்ந்திருந்தது. சீட்டு இல்லை.

"எங்கேருந்துடா வந்தே நீ?" என்று வேரோடு பிடுங்கி அடுப்பில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் அவர் வந்தார். "இங்க ஒரு தொட்டி வச்சிருந்தேனே?"

"சீட்டு இல்ல. பிடுங்கிட்டேன்."

அவர் அடுப்பைப் பார்த்தார். அப்படியே கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எரிந்தது எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்கிற புத்தி எனக்கு ஏது? எல்லார் முன்னாலும் அவரையே பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"சீட்டு கட்டாம யாராவது வைப்பாங்களா? ஒன்பது வருஷப் பாடுங்க! அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"மறந்துட்டேன்" என்றார். பிரிவுத் தலைவி வந்து, "மறுபடி ஆரம்பிக்கலாம் சார்" என்றார். இவர் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை ஆகிவிட்டதே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது அந்தச் சட்டைப் பையில் சீட்டு கிடைத்தது. தேதி, கலப்பு எண் எல்லாம் இருந்தன. எழுத்து மையில் எறும்பு ஓடியதுபோல் இருந்தது. நூலில் ஐந்தாறு முடிச்சு, ஒன்றும் ஒழுங்காக விழவில்லை. திருகித் திருகி நுனி பிரிந்திருந்தது.

ஈரக் கையோடு போய் அவர் முன்னால் நீட்டினேன். "மறக்கலியே நீங்க. கட்ட வரல. அடுத்த அறையிலதானே இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்தா கை நடுங்கறது உனக்குத் தெரிஞ்சிடும். நான் கட்டிட்டு வந்துடலாம்னு நூலை மாத்தி எடுக்கப் போனேன். தடிமனான நூல்."

"ஒன்றரை வருஷமா தெரியும்ங்க" என்றேன். "உங்க சட்டைக்கெல்லாம் பட்டனை எடுத்துட்டு அழுத்தற பட்டன் வச்சது யாரு? அரை டம்ளர் காபியா எதுக்கு ஊத்தறேன்?"

அவர் சீட்டை வாங்கினார். அது அவர் கையில் ஆடியது. இந்த முறை மறைக்கவில்லை.

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், கோபமே இல்லாமல்.

ஊரில் யாருக்கும் நான் பதில் பாக்கி வைத்ததில்லை. அவர் மடியில் தலையை வைத்து அழத்தான் முடிந்தது.