பெருவிரலில் விழுந்த கோடு

தீர்த்தகிரிக்குப் பிள்ளை இல்லை, புளியந்தோப்பு இருந்தது. ஜவ்வாது மலையில் அந்த ஊர் வழக்கப்படி, வாரிசில்லாதவன் ஒன்றும் எழுதிவைக்காமல் போனால் மரங்கள் காளியம்மன் கோயிலுக்கு. அக்கா மகன் லட்சுமணனுக்கு அம்மன்மேல் பக்தி உண்டு. ஆனால் அவன் கொல்லையில் விளையும் சாமை பொங்கலைத் தாண்டாது. ஆகவே மாமா படுத்த வாரமே பஸ் ஏறிக் கலசப்பாக்கம் போய்ப் பத்திரம் எழுதுகிறவரிடம் ஓர் உயில் எழுதி வாங்கிவந்தான்; கைநாட்டு மட்டும்தான் பாக்கி. மாமா கண்ணை மூடியதும், எல்லாரும் பாடைக்கு மூங்கில் வெட்டப் போன நேரம் பார்த்து, பிணத்தின் கைப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தான். மை தடவி, ஒற்றி எடுத்து, திரும்பக் கட்டினான். நூல் அழுந்திய தடம் காகிதத்தில் ரேகைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

காரியம் முடிந்ததும் கோயில் முன்பு பஞ்சாயத்து. ஊர்க்கவுண்டர் கருப்பனிடம் உயிலை நீட்டினான்.

"நல்லா இருக்கும்போதே எழுதிக் குடுத்தாருங்க."

தீர்த்தகிரியின் தம்பி பெண்டாட்டி மாணிக்கம்மாள் எழுந்தாள். "இன்னாடா அவசரம் உனக்கு? எனக்குந்தான் எழுதிக் குடுத்தாரு." சுருக்குப்பையிலிருந்து ஒரு காகிதம் வந்தது.

லட்சுமணன் எட்டிப் பார்த்தான். அதே ரேகை. அதே கோடு. கத்த வாயைத் திறந்தவன், தன் உயில் கவுண்டர் கையில் இருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். மாணிக்கம்மாளும் அவன் உயிலைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள்.

"இன்னாப்பா, பொய்யா?" என்றார் கவுண்டர்.

"சேச்சே. மாமா ரேகைதாங்க."

"இவன்துவும் நெசந்தாங்க. செத்தவரு மேல பழி போடலாமா?"

பிறகு இருவரும் தணிந்த குரலில் பேரத்தில் இறங்கினார்கள்.

"ஓடைக்கு அந்தாண்ட நீ எடுத்துக்கோ."

"அந்தாண்ட காய்ப்பு கம்மி அத்தை."

"அப்போ ரேகைல இருக்கிற கோட்டப் பத்திப் பேசலாமா?"

"அந்தாண்டயே போதும்."

கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்தார். மடிப்புக்குள் ஒரு காகிதம் இருந்தது. "கோயிலுக்கும் எழுதி வச்சிருக்காரு."

"அதுக்குத்தான் வழக்கம் இருக்குதே, காகிதம் எதுக்குங்க?" என்றாள் மாணிக்கம்மாள்.

"நீங்க ரெண்டு பேரும் இருக்கிற ஊர்ல வழக்கத்த மட்டும் நம்பி இருக்க முடியுமா?"

லட்சுமணன் வாங்கிப் பார்த்தான். கோடு இருந்தது, மற்ற இரண்டையும்விட ஆழமாக. கடைசியாக நூலை அவிழ்த்தவர் யார் என்று தெரிந்துபோயிற்று. காகிதத்தை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"அம்மனுக்கு எந்தப் பக்கம் வேணுங்களாம்?"

"நல்லா காய்க்கிற பக்கம்," என்றார் கவுண்டர்.