அனுப்பாத பதில்

“அடுத்த வரி சொல்லுடா,” என்றாள் அக்கா. லேப்டாப் அவள் மடியில் இருந்தது. நோய் முற்றி விரல்களில் வலு போனதிலிருந்து தம்பி சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள்.

கணினி நிரல்களின் பழைய வடிவங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை அவன் பலரோடு சேர்ந்து பராமரித்து வந்தான். அடுத்தவர் எழுதியதைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பு. இன்றைக்கு வந்திருந்தது, அவன் நேரில் பார்த்தே இராத ஒரு பெண் எழுதியது. வரிக்கு வரி வாதாடுவாள் என்பதால் இவர்கள் வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். ஒரே வேலையை மூன்று இடங்களில் எழுதியிருந்தாள். அதைத் தனியே எடுத்து ஒரு சின்னத் துணை நிரலாக்கி, வேண்டும்போது உதவிக்குக் கூப்பிடலாமே என்று அவன் சொல்லியிருந்தான். செய்துவிட்டாள். ஆனால் தேடிய கோப்பு கிடைக்காவிட்டால் அந்தத் துணை நிரல் மொத்த மென்பொருளையும் அங்கேயே நிறுத்திவிடும்.

“உதவிக்குப் போனது, முடியலைன்னா திரும்பி வந்து சொல்லணும். நடுவுல செத்துப்போகக் கூடாது. நிறுத்தறதா வேணாமான்னு கூப்பிட்டவங்க முடிவு பண்ணட்டும்.”

அக்காவின் கை நின்றது.

“எங்க வேலையில அப்படித்தான்க்கா பேசிக்குவோம். தட்டு.”

தட்டினாள். அனுப்புமுன் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னான். அதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. அவள் வெந்நீரை ஆற்றி எடுத்து வருவதற்குள் போய்விட்டிருந்தான்.

அவனோடு வேலை செய்தவர்களுக்கு அக்கா அன்றே முகவரியோடு செய்தி அனுப்பினாள். மறுநாள் அடக்கம் முடிந்து திரும்பியபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

“நான்தான்... அவர்கூடச் சண்டை போடுறவ,” என்றாள்.

“வக்கீலம்மாவா? வாங்க.”

வக்கீலம்மா என்றது காதில் விழுந்ததும் மாமா அக்காவை ஓரமாக இழுத்து, சொத்து விஷயமா என்று கேட்டார். அவள் அந்தப் பெண்ணைத் தம்பியின் அறைக்கு அழைத்துப் போனாள். விரிப்பு எடுத்த கட்டிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

அனுப்பாமல் கிடந்த பதிலை வக்கீலம்மா நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“இதுல ஒண்ணு எனக்குச் சம்மதமில்லைங்க.”

“அப்ப எழுதுங்க,” என்றாள் அக்கா.

அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கூடத்தில் பேச்சு பலமாக இருந்தது. அக்கா கதவருகே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. அது நின்றபோதெல்லாம், திரும்பத் தொடங்கும்வரை அவள் அசையாமல் இருந்தாள்.