காசு நின்ற இடம்

மனைவியின் காறை எலும்புக்கு மேலே வந்ததும் பிரமுஜியின் கையில் இருந்த காசு நின்றுவிட்டது.

விரலால் அழுத்திப் பார்த்தான். தோலுக்கடியில் ஏதோ நொறுநொறுத்தது. இறால் அப்பளப் பையை மேலாக அழுத்தியது போல இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க, மாஸ்?" என்றாள் லஸ்மினி. குரல் கம்மியிருந்தது.

"போதும், டிக்." அந்த ஊரில் கணவனையும் மற்ற ஆண்களையும் அண்ணன் என்ற பொருளில் மாஸ் என்பார்கள், மனைவியைத் தங்கை என்ற பொருளில் டிக் என்பார்கள்.

அவள் சந்தை அலுவலகத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். தொலைந்த பிள்ளைகளும் விளக்கு அணைக்காத ஸ்கூட்டர்களும் அவள் குரலால்தான் உரியவர்களிடம் போய்ச் சேரும். அன்று பத்து மணிக்கே மைக்கை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். உடம்பில் காற்று புகுந்துவிட்டது, சுரண்டிவிடுங்கள் என்றாள். அவனும் எண்ணெய் தடவி, பழைய நூறு ரூபியா காசின் விளிம்பால் முதுகிலும் கழுத்திலும் சிவப்புக் கோடுகள் விழும்வரை இழுத்தான். உள்ளே புகுந்த காற்று வெளியேற அங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு அவளால் படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவன் ஸ்கூட்டரில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அவசரப் பிரிவில் படிவம் கொடுத்தார்கள். கணவரின் கல்வி என்ற கட்டத்தில் பட்டப்படிப்பு என்று எழுதினான். இளம் டாக்டர் படிவத்தைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார்.

"படிச்சவங்கதானே மாஸ் நீங்க? இன்னுமா காசு தேய்க்கிறீங்க?"

பிரமுஜி தலையைக் குனிந்துகொண்டான்.

ஏதாவது நடந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, சும்மா தொண்டைக்கட்டுதான் என்றாள் லஸ்மினி. ஆவி மருந்து வைக்கலாம் என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் கட்டிலின் தலைமாட்டை இறக்கினாள். லஸ்மினி எழுந்து உட்கார்ந்தாள். நர்ஸ் மறுபடி படுக்க வைத்தாள். அவள் மறுபடி எழுந்தாள். பிரசவத்துக்கு வருபவர்கள்கூட இப்படி அடம் பிடிப்பதில்லை என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

பிரமுஜி திரைச்சீலை ஓரமாக நின்றான். அந்த நொறுநொறுப்பு இன்னும் விரல் நுனியில் இருந்தது. காசு தேய்த்து நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தான். அதைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். சொல்லாமல் இருந்தான்.

நர்ஸ் மூன்றாம் முறை அவளைப் படுக்க வைத்தாள். அவள் மூச்சு விசில் அடித்தது. உதட்டின் நிறம் மாறியது.

"டாக்டர்," என்றான். "தேய்க்கும்போது தோலுக்குள்ள நொறுங்குச்சு. இங்க. நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்."

டாக்டர் வந்து இரண்டு விரலை வைத்து அழுத்தினார். முகம் மாறியது.

"உட்கார வைங்க. யாரும் இவங்களைப் படுக்க வைக்கக் கூடாது."

பிறகு நனைத்த பஞ்சால் எண்ணெயைத் துடைத்தார். கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கின. ஒன்று மட்டும் குறுக்கே ஓடியது.

"இது நீங்க போட்டதா, மாஸ்?"

"இல்ல."

எல்லோரும் லஸ்மினியைப் பார்த்தார்கள். அவள் பிரமுஜியைப் பார்த்தாள்.

"கயிறு," என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சுதந்திர தினத்துக்காகச் சந்தின் குறுக்கே சிவப்பு வெள்ளைக் கொடிகள் கட்டினார்கள். மின்கம்பத்துப் பக்க முடிச்சு அவன் பொறுப்பு. படித்தவன் போட்ட முடிச்சு பத்து நாள் தாங்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அன்று காலையில் ஸ்கூட்டரில் போனவளின் கழுத்தில் தொய்ந்த கயிறு மாட்டியிருக்கிறது. அவளே அதை எடுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அவனிடம் சொல்லவில்லை.

தொண்டை அறுவை டாக்டர் ஹஸ்தாரி பத்து நிமிடத்தில் வந்தார். கயிறு மூச்சுக்குழாயை முதுகெலும்போடு வைத்து அழுத்தியதில் குரல்வளைக்குக் கீழே கிழிந்திருக்கிறது, மூச்சு அந்தக் கிழிசல் வழியாகத் தோலுக்கடியில் கசிகிறது என்றார். மயக்கிப் படுக்க வைத்தாலோ, கண்ணுக்குத் தெரியாமல் குழாயைத் திணித்தாலோ கிழிசல் பெரிதாகிவிடும். அதனால் உட்கார்ந்தபடியே, விழித்தபடியே சுவாசக் குழாயைப் போட வேண்டும்.

"காசு இதைப் பண்ணாது," என்று அவனிடம் சொன்னார். "காசுதான் கண்டுபிடிச்சிருக்கு. அடுத்த தடவை உடனே வாயைத் திறங்க, மாஸ்."

மூக்கையும் தொண்டையையும் மரக்க வைத்தார்கள். கேமரா பொருத்திய மெல்லிய குழாய் மூக்கு வழியாக இறங்கியது. பிரமுஜி கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். லஸ்மினி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஹஸ்தாரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிழிசலைத் தாண்டியதும் அந்தக் குழாயின் மேலேயே சுவாசக் குழாயை வழுக்கி உள்ளே இறக்கினார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அவனுக்கு உயிரே போனது போலிருந்தது. இயந்திரம் ஒரே சீராகச் சத்தமிட்ட பிறகுதான், மயக்க மருந்து ஏறியிருக்கிறது என்று தெரிந்தது.

கிழிசலைத் தைத்தார்கள். கழுத்து நிமிர்ந்தால் தையல் இழுபடும் என்பதால் தாடையையும் மார்பையும் சேர்த்து இரண்டு தடித்த நூல் போட்டிருந்தார்கள். மறுநாள் குழாயை எடுத்துவிட்டார்கள். அவளே மூச்சு விட்டாள். ஆனால் ஏழு நாள் நிமிரக் கூடாது, பேசக் கூடாது.

அவள் கைபேசியில் எழுதிக் காட்டினாள்: முடிச்சு விஷயம் ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

"நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றான் பிரமுஜி. "கயித்தைப் பக்கத்து வீட்டுக்காரங்களே அவுத்து மேல கட்டிட்டாங்க. இனிமே என்னைத் தொட விட மாட்டாங்களாம்."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்காதே, தையல் இருக்கிறது என்று கெஞ்சினான்.

ஏழாம் நாள் ஹஸ்தாரி நூல்களை வெட்டினார். மெல்ல, மெல்ல என்றார். லஸ்மினி தலையை நிமிர்த்தினாள். ஏதாவது பேசிப் பாருங்கள், ஒரு வரி போதும் என்றார் டாக்டர்.

அவள் மூச்சை இழுத்தாள். விசில் இல்லை.

"கவனத்திற்கு," என்றாள். குரல் மெலிந்து, ஓரம் பிசிறியிருந்தது. ஆனால் அவள் குரல்தான். "ஒரு ஜோடி செருப்பு... ஏழு நாளா இந்தக் கட்டில் பக்கத்துலயே நிக்குது. ஒண்ணு நீலம், ஒண்ணு பழுப்பு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்... மாத்திட்டு வரவும்."

பிரமுஜி குனிந்து தன் காலைப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான்.